மலையில்லாத் தீவுகளில் ஏறுவோர்

யாழ்ப்பாணத்துப் பிள்ளை மலையைப் பாடப்புத்தகத்திலேதான் முதன்முதலாகக் காண்கிறது. கீரிமலை என்று ஓர் ஊர் எமக்கு உண்டு. ஆயினும் அங்கே போனவர் அறிவர், அவ்விடத்தில் உள்ளவை கேணியும் கடலுமே. மலையைத் தேடிப் போனவர் தீர்த்தமாடிவிட்டுத் திரும்பவேண்டியதுதான். குடாநாட்டை விட்டுத் தீவகத்துக்குச் சென்றாலோ நிலம் இன்னும் தட்டையாகிவிடுகிறது. சுண்ணக்கல் நிலம், பற்றைக்காடு, உவர்வெளி, அப்பால் கடல். இவற்றுக்கு மேலே தலைநீட்டி நிற்பவை கோயிற் கோபுரமும் தேவாலயத்தின் முகப்பும் பனையுமே. ஆகையினால்தான் உயரம் எவ்வளவு என்று கேட்டால் எம்மவர் 'ஒரு பனை உயரம்' என்று விடைசொல்லிப் பழகியிருக்கின்றனர்.

இத்தகைய தீவுகளுக்குச் சுவரேறும் போட்டி ஒன்றைப் பற்றிய எண்ணத்தோடு நாம் செல்ல நேர்ந்தது. காரணம் எமது மாணவர்கள்.

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்த விரைவேறற் போட்டியின் படம் அவர்கள் கைத்தொலைபேசிகளில் இன்னும் உலவுகின்றது. பதினைந்து மீற்றர் உயரமான செங்குத்துச் சுவர். செங்குத்து என்று சொல்வதும் சரியன்று. ஏறுபவரை நோக்கி ஐந்து பாகை சாய்ந்திருக்கும் சுவர் அது. கைபிடிக்கவும் கால்வைக்கவும் அதிலே சில முண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். உலகின் எந்த நாட்டில் போட்டி நடந்தாலும் அவற்றின் அமைப்பு மாறுவதில்லை. இருவர் பக்கம் பக்கமாக நின்று ஏறுவர். முதலில் உச்சியைத் தொட்டவர் வென்றவர். அன்றைய இறுதிப் போட்டியில் இந்தோனேசிய நாட்டு வெட்ரிக் லெயொனார்டோ 4.75 செக்கனில் உச்சியைத் தொட்டார். எதிர்நின்ற சீன வீரர் வூ பெங் 4.77 செக்கனில் தொட்டார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே நாளில் மூன்றாம் இடத்துக்கான போட்டியில் அமெரிக்க இளைஞர் சாம் வாற்சன் 4.74 செக்கனில் ஏறி உலக சாதனை படைத்தார். அவருக்குக் கிடைத்ததோ வெண்கலம்!

வகுப்பில் இப்பேச்சு வந்தபோது நெடுந்தீவைச் சேர்ந்த மாணவன் ஒருவன், "எங்கள் ஊரில் பனை ஏறுகிறவரை அங்கே அனுப்பியிருந்தால் பதக்கம் எமக்குத்தான்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பு எமக்குப் புதியதன்று. பதக்கம் என்ற சொல்லுக்காக எழுந்த சிரிப்பும் அன்று. பனை ஏறுகிறவர் என்ற சொல்லுக்காக எழுந்தது. அதனாற்றான் அடுத்து வந்த பங்குனி மாத விடுமுறையில் மாணவர் நால்வரை அழைத்துக்கொண்டு தீவகம் புறப்பட்டோம். நெடுந்தீவு மாணவனின் சிற்றப்பா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் இருபுறமும் ஆழமற்ற கடல். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று வழி நீளுகின்றது. முதலில் ஊர்காவற்றுறைக்குச் சென்றோம். கப்பலும் தோணியும் கட்டிய பழந்துறை அது. எதிரே கடல் நடுவில் கடற்கோட்டை நிற்கின்றது. போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் கைப்பற்றி அம்மன்கீல் என்று பெயரிட்டனர். பாய்க்கப்பற் காலத்தில் இத்துறையிலே ஏறத் தெரியாதவனுக்கு வேலை கிடைத்திராது. ஆடும் கப்பலில் பாய்மரத்தின் உச்சிக்குப் போய்ப் பாயை அவிழ்ப்பதும் சுருட்டுவதும் இளைஞரின் வேலை. இயந்திரம் வந்தது, பாய் போயிற்று, பாய்மரம் ஏறுகிறவனும் போய்விட்டான். இன்று துறையில் நின்று பார்த்தால் அப்படி ஒரு கலை இருந்ததற்கான அடையாளமே கண்ணிற் படவில்லை.

பிறகு புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவானிற் படகேறினோம். நயினாதீவு அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே இருக்கின்றது. நாகபூஷணி அம்மன் கோயிலின் இராசகோபுரம் கரைக்கு முன்னரே வந்து வரவேற்கிறது. சற்றுத் தள்ளி நாகதீப விகாரையின் வெண்மை. அம்மனைத் தரிசித்துவிட்டுக் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது ஒரு மாணவன், இதன் உச்சியிலே கலசம் வைத்தவர் யார் என்று கேட்டான். குடமுழுக்குக் காலத்தில் சாரம் கட்டி ஏறிப் பொம்மைகளுக்கு வண்ணந்தீட்டிய தொழிலாளர் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இரா. உபயகாரர் பெயர்களே இருக்கும். கேள்வி நல்ல கேள்விதான் என்று மட்டும் சொல்லிவைத்தோம்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் சிறிது முரண்டுபிடித்தது. மாணவர்களுக்கு மயக்கம் வராதிருக்க அவர்களைப் பேச்சில் ஈடுபடுத்த வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்ரடாம். மற்றப் பெயர்கள் எல்லாம் மறைய, நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் நிலைத்துவிட்டது.

பெயர் வைத்தவர் நாடும் எமது தீவுகளைப் போலத் தட்டையானது என்பதை மாணவர்க்கு நினைவூட்டினோம். ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நிலத்தின் மிக உயர்ந்த மேடு 322 மீற்றர் மாத்திரமே. அதன் பெரும்பகுதி கடல்மட்டத்தோடு போராடும் நிலம். அப்படிப்பட்ட நாட்டிற் பிறந்த யோர்க் வெர்ஹூவன் 2008 ஆம் ஆண்டில் நெடுஞ்சுவர் ஏறுதலில் உலகக் கிண்ணத்தை வென்றார். மலை இல்லாதவர்கள் மலையைக் கட்டிக்கொண்டார்கள். அந்நாட்டின் குரோனிங்கன் நகரிலே 37 மீற்றர் உயரமான ஏறுகோபுரம் ஒன்று வாள்போல வளைந்து வானில் நிற்கின்றது.

இவ்விளையாட்டு அவ்வளவு பழையதும் அன்று. சோவியத் ஒன்றியத்தில் 1940 களிலேயே பாறைகளில் விரைந்தேறும் போட்டிகள் நடந்தன. மேற்கு ஐரோப்பாவில் 1985 இல் இத்தாலியின் பார்டொனெக்கியா என்னும் ஊரில் நடந்த போட்டியே பெரிய தொடக்கம். அது இயற்கைப் பாறையில் நடந்தது. பாறை கெடுகிறது, கூட்டம் மிகுகிறது என்று கண்டபின் செயற்கைச் சுவருக்கு மாறினர். 1991 இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் முதல் உலகப் போட்டி. 2021 இல் தோக்கியோவில் முதல் ஒலிம்பிக் போட்டி. அயலில் உள்ள நவி மும்பையிலும் 2016, 2017 ஆம் ஆண்டுகளில் உலகக் கிண்ணப் போட்டி நடந்திருக்கின்றது. அது கயிறின்றித் தாழ்ந்த சுவரில் ஏறும் வகை. விழுந்தால் மெத்தை தாங்கும்.

எமக்கு வியப்பளிப்பது இந்தோனேசியரின் கதையே. லெயொனார்டோ பிறந்த பொந்தியானாக் நகரம் பூமத்திய ரேகையின்மேல், ஆற்றங்கரையில் உள்ள தாழ்நிலம். அவர் வென்ற பதக்கமே பூப்பந்தாட்டத்துக்குப் புறம்பாக அந்நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம். 2019 இல் ஏழு செக்கனுக்குள் ஏறிய முதற் பெண்ணும் அந்நாட்டவரே. ஆரியஸ் சுசாந்தி என்பது அவர் பெயர். அங்கே சுதந்திர தினந்தோறும் ஊருக்கு ஊர் எண்ணெய் பூசிய கமுகமரத்தை நட்டு, உச்சியில் பரிசுகளைக் கட்டி, இளைஞர் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்று ஏறுவர். ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் தோன்றிய வழக்கம் என்பர். எமது சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் உள்ள வழுக்குமரம் இதற்கு உடன்பிறப்பு. வழுக்குமரத்தில் எவர் ஏறினாலும் ஊர் கைதட்டும். ஆண்டுக்கு ஒருநாள்.

நெடுந்தீவுக் கரையில் இறங்கியதும் வெயில் கண்ணைக் கூசச்செய்தது. இத்தீவின் அழகை எழுதப் புகுந்தால் ஒரு கட்டுரை போதாது. சாந்தோ சீமெந்தோ இன்றிப் பவளக் கற்களை அடுக்கியே கட்டிய மதில்கள் காணிக்குக் காணி ஓடுகின்றன. வேலியடைக்க ஓலை வேண்டாத ஊர். மட்டக்குதிரைகள் பிடரிமயிர் காற்றில் அலைய வெளியில் மேய்கின்றன. உள்ளே ஆள் நுழையத்தக்க பொந்தோடு பெருக்குமரம் ஒன்று இருக்கிறது. மாணவர் நால்வரும் அதற்குள் புகுந்து வெளியே வந்தபின்னரே அவர்களோடு பேச முடிந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, எத்திசை நோக்கினும், பனை.

மாலையில் மாணவனின் சிற்றப்பா எம்மை ஒரு தோப்புக்கு அழைத்துச் சென்றார். தை பிறந்து பாளை வெளிவந்தபின் சீவல் தொழிலுக்கு உரிய காலம் இது. அங்கே தொழில் செய்துகொண்டிருந்தவர் அறுபதைக் கடந்தவர். மெலிந்த உடல். மார்பிலும் முன்கைகளிலும் பாதங்களின் உட்புறத்திலும் தோல் தடித்து மரப்பட்டையின் நிறம் அடைந்திருந்தது. இடுப்பிலே கத்திக்கூடு, அதன் அருகே முட்டி. இரு பாதங்களையும் ஒருங்கே பிணைக்கத் தளைநார். அவ்வளவே அவருடைய கருவிகள்.

அவர் ஏறிய விதத்தைச் சொல்லவேண்டும். கைகள் மரத்தைத் தழுவி மேலே நகர்ந்தன, பிறகு தளைநார் பூட்டிய கால்கள் ஒன்றாக மடங்கி மேலெழுந்து மரத்தைக் கவ்வின, உடல் நிமிர்ந்தது, மீண்டும் கைகள். அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை. வட்டுக்குள் புகுந்து, பாளையின் நுனியைச் சீவல் ஒன்று மெல்லியதாக எடுத்து, முட்டியை மாற்றிக் கட்டி, நிறைந்ததைக் கொண்டு இறங்கினார். இவ்வேலை ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் நடக்க வேண்டும். ஒருநாள் தவறினாற் பாளை கெடும். கள்ளைப் புகழ்வதற்காக நாம் இதை எழுதவில்லை. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது குழந்தைகளும் பருகும் கருப்பநீர், அதிலிருந்து பனங்கட்டி. எதுவாயினும் ஏறும் உயரம் ஒன்றுதான்.

மாணவர்கள் தங்கள் கைத்தொலைபேசியை அவரிடம் நீட்டிப் பாரிஸ் போட்டியைக் காட்டினர். தலைப்பாகைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவுதானோ மாஸ்டர்? முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை, ஐந்து செக்கனும் ஆகவில்லை" என்றோம்.

இன்னொரு முறை போடச் சொன்னார். அவர் முகத்தில் ஏளனம் இல்லை. தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரைப் பார்க்கும் பார்வை. "பெடியன் நல்லாய்த்தான் ஏறுறான். கால் வைக்கிற இடம் பிசகேல்லை" என்றவர், சற்றுப் பொறுத்து, "இறங்கினதைக் காட்டேல்லையே?" என்று கேட்டார்.

இறங்கத் தேவையில்லை, இடுப்பிற் கட்டிய கயிறு தானே இறக்கிவிடும் என்று மாணவர் விளக்கினர்.

"அப்ப பாதி வேலைதான் செய்யினம்" என்றார் அவர். "ஏறேக்கை கண் மேலை இருக்கும், கை போற இடம் தெரியும். நிறைமுட்டியோடை இறங்கேக்கை கால் எங்கை போகுதெண்டு பாக்கேலாது. மழை தூறினால் மரம் சறுக்கும். எங்கடை ஆக்கள் விழுந்தது முழுக்க இறங்கேக்கைதான்."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் நெடுந்தீவில் ஒருவர் பனையிலிருந்து விழுந்தால் யாழ்ப்பாணப் பெரிய ஆசுபத்திரிக்குப் போக முதலிற் கடலைக் கடக்கவேண்டும் என்பதை, அன்று காலை அதே கடலிலே தள்ளாடி வந்த மாணவர்கள் விளங்கிக்கொண்டனர். எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

அன்றிரவு நாம் மாணவரோடு ஒரு கணக்குப் போட்டோம். ஒருவர் நாளொன்றுக்கு இருபது மரம் ஏறுகிறார், மரம் ஒன்று பதினைந்து மீற்றர், காலையும் மாலையும் ஏறுகிறார் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 600 மீற்றர். பீதுருதாலகாலை மலையின் உயரம் 2,524 மீற்றர். அதனை ஐந்தாம் நாளில் தாண்டிவிடுவார். எவரெஸ்டின் உயரம் 8,849 மீற்றர். பதினைந்து நாள் போதும். காற்று மெலிவும் உறைபனியும் வேறு சங்கதி என்று கணக்கில் வல்ல மாணவன் தடை எழுப்பினான். ஒப்புக்கொண்டோம். இருந்தாலும் மலையே இல்லாத தீவில் ஒரு மனிதர் ஒவ்வொரு பருவத்திலும் பல எவரெஸ்டுகளின் உயரத்தை ஏறி இறங்குகிறார் என்பது கணக்கிற் பிழையாகாது.

அந்த மனிதரின் மகன் வெளிநாட்டில் இருக்கிறார். தொழில் பழக வந்தவர் எவரும் இல்லை. தோப்பிலே பாதிக்கு மேற்பட்ட மரங்கள் ஆண்டுக்கணக்கிற் சீவப்படாமல் நின்றன. கங்குமட்டையும் காவோலையும் தொங்கின. பனையை வளர்ப்பதற்கு 1978 இல் ஒரு சபை அமைந்தது. தொழிலாளர்க்கு அதற்கு முன்னரே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அவற்றால் நன்மை விளைந்தது உண்மை. ஆயினும் மரம் இருந்தும் ஏறுபவர் இல்லாத நிலையைச் சபையும் சங்கமும் மாத்திரம் மாற்றிவிடா. உண்மைக் காரணத்தை நாம் வாய்விட்டுச் சொல்லக் கூசுகின்றோம். எமது சமூகம் இத்தொழிலைச் செய்தவரைத் தாழ்வாக நடத்தியது. கோயில் வாயிலிலும் கிணற்றடியிலும் தள்ளி நிறுத்தியது. 'மரமேறி' என்னும் சொல்லை வசைச்சொல் ஆக்கியது. பள்ளிக்கூடத்து வரவேட்டில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதச் சொல்லும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். கூலி என்பது பொய்யன்று. ஆனால் அச்சொல்லின் பின்னால் அப்பிள்ளை எதனை ஒளிக்கின்றது என்பது ஆசிரியர்க்கும் தெரியும். அவமானத்தைச் சகித்துக்கொண்டு மகனையும் அதே மரத்தில் ஏற்றத் தந்தைக்கு மனம் வருமா? வராதது நியாயமே.

இவ்விடத்தில் ஒரு நண்பர் சொன்ன யோசனையையும் குறிப்பிடவேண்டும். தீவகத்திலே பனையேறும் போட்டி நடத்தினால் தொழிலுக்கு மதிப்பு வரும், சுற்றுலாப் பயணிகளும் வருவர் என்றார் அவர். எமக்கு அதில் உடன்பாடில்லை. கயிறும் மெத்தையும் இல்லாமல் வயிற்றுக்காக ஏறுபவரை வேடிக்கைக்காக விரைந்து ஏறச் சொல்வது பாரிஸில் நடந்ததற்கு ஒப்பாகாது. அங்கே ஏறுபவர் கைதவறினால் கயிறு தாங்குகின்றது. அந்த ஒன்றினாலேதான் அது விளையாட்டாகின்றது.

கேரளத்திலே தென்னை ஏறுவதற்கு ஆளில்லாமற் போனபோது, 2011 இல் தென்னை வளர்ச்சி வாரியத்தார் 'தென்னையின் நண்பர்கள்' என்ற பெயரிலே இளைஞரையும் பெண்களையும் சேர்த்து, ஏறுகருவி கொடுத்து, பயிற்சியும் காப்புறுதியும் அளித்தனர். மிதிகட்டை போன்ற அக்கருவி தென்னைக்கு ஏற்றது. பனையின் பருமனுக்கும் கங்குமட்டைக்கும் வேறு கருவி வேண்டும். சுவரேறுவோர் இடுப்பிற் கட்டும் பட்டையும் உச்சியிலிருந்து வரும் கயிறும் பனைக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை ஆராய எமது தொழில்நுட்ப மாணவர்க்கு ஆற்றல் இல்லாமல் இல்லை. ஆனால் உச்சியிற் கயிற்றைக் கட்ட முதலில் ஒருவர் ஏறியாக வேண்டுமே என்று கேட்டான் ஒருவன். மற்றவன், நாள்தோறும் ஏறும் மரமாகையால் பருவத்தின் முதல் நாளில் ஒருமுறை கட்டினாற் போதும் என்றான். விளக்கு அணைத்த பின்னரும் வாதம் ஓயவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மீண்டும் தோப்புக்குப் போனோம். வகுப்பிலே முதலில் பேச்செடுத்த நெடுந்தீவு மாணவன் தளைநாரைத் தனக்குத் தரும்படி கேட்டான். முதியவர் அவன் முகத்தையும், சிற்றப்பாவின் முகத்தையும், எமது முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவன் ஏறலாமா என்ற கேள்வி அதில் இருந்தது. உயரத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. சிற்றப்பா மறுக்கவில்லை. பையன் ஏறினான். ஓராள் உயரத்துக்கு மேல் அவனால் முடியவில்லை. சறுக்கி வந்தபோது சட்டையின் மார்புப்பக்கம் கிழிந்து தோலும் உரைந்திருந்தது. இம்முறை மற்ற மாணவர் எவரும் சிரிக்கவில்லை. சிரித்தவர் முதியவர் ஒருவரே. பிறகு குனிந்து அவன் பாதங்களைத் தம் கையாற் பிடித்து, குதிகால் எங்கே ஒட்டவேண்டும், விரல்கள் எப்படி விரியவேண்டும் என்று வைத்துக் காட்டினார்.

"முதலிலை இறங்கப் பழகு தம்பி" என்றார். "இந்த உயரத்திலை இருந்து பத்துத்தரம் இறங்கு. ஏறுறது பிறகு."

காலைப் படகுக்கு நேரமாகிவிட்டது. மூன்று மாணவரோடு நாம் கரைக்கு நடந்தோம். நான்காமவன் இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொல்லி நின்றுகொண்டான். திங்கட்கிழமைப் பாடம் தவறுமே என்றதற்கு, குறிப்பை நண்பனிடம் வாங்கி எழுதிக்கொள்வதாக விடை சொன்னான்.